ஆடிக்குப் பின்னால் ஒரு பெட்டி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆய்வகத்தின் இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்வாராம். பட்டகத்தின் முகத்தில் விரல்ரேகை பட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் கையெழுத்துக் கிடையாதாம். அவருடைய மகள் சற்று முன் தேநீர் குடிக்கும்போது சொன்னார். கருவி கட்டும் வேலையில் நாற்பது ஆண்டு கழித்தவன் நான். ஒரு மனிதரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டாம்.

பொது மேடைகளில் வானியல் பேசும்போது முதலில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'சார், உங்கள் தொலைநோக்கி எவ்வளவு பெரியது?' இரண்டு மீட்டர் என்றால் முகம் வாடும். பத்து மீட்டர் என்றால் மலரும். அதன் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. செய்தித்தாளில் வரும் படங்களும் அப்படித்தான். குவிமாடம் இருக்கும், ஆடி இருக்கும், பெட்டி இருக்காது. தொலைதூர விண்மீன் திரள்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டியை யோசித்துக் கட்டியதால் வந்தது. ஆடியின் அகலத்தால் மட்டும் வந்தது கொஞ்சம்தான். இதுதான் என் வாதம். மற்றதெல்லாம் சான்று.

பெட்டிக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியாத எதுவுமில்லை. இளநிலை இயற்பியல் படித்தவர்கள் இருட்டறையில் சோடியம் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, வெர்னியரை டார்ச் வெளிச்சத்தில் படித்து, ஐ-டி வளைகோடு வரைந்திருப்பீர்கள். ஒரு பிளவு. ஒளியை இணைக்கற்றையாக்கும் ஒரு லென்ஸ். பட்டகம் அல்லது கீற்றணி. பிரிந்த நிறங்களைக் குவிக்கும் இன்னொரு லென்ஸ். அதன் முனையில் கண். அந்தக் கண்ணுக்குப் பதிலாக ஒளித்தட்டோ சி.சி.டி.யோ வைத்து, பிளவை ஒரு தொலைநோக்கியின் குவியத்தில் நிறுத்தினால் நிறமாலை வரைவி தயார். விண்மீனில் இருக்கும் கால்சியமும் நம் எலும்பில் இருக்கும் கால்சியமும் ஒரே அலைநீளங்களில்தான் ஒளியை விழுங்குகின்றன. கோடு தன் இடத்தில் இல்லாமல் சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தால் பொருள் விலகுகிறது, நீலப் பக்கம் தள்ளியிருந்தால் நெருங்குகிறது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கும். கொள்கை இவ்வளவுதான். தொல்லையெல்லாம் ஒளி போதாமையில் இருக்கிறது.

1. சிறிய தொலைநோக்கி வென்ற கதை

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற மலையூர். அங்கே பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தர் செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக நம்பி, அவற்றைப் பார்ப்பதற்காகவே ஓர் ஆய்வுக்கூடம் கட்டியிருந்தார். தொலைநோக்கியின் லென்ஸ் 24 அங்குலம், நம் கணக்கில் 61 சென்டிமீட்டர். பிட்ஸ்பர்கில் ஜான் பிராஷியர் செய்த நிறமாலை வரைவி 1901இல் அங்கே வந்து சேர்ந்தது. அதைப் பூட்டி இயக்க, இண்டியானாவிலிருந்து படிப்பை முடித்த கையோடு ஓர் இளைஞர் வந்தார். வெஸ்டோ ஸ்லைஃபர். வந்த புதிதில் தட்டில் எது சிவப்பு முனை, எது நீல முனை என்றே அவர் குழம்பிப்போனார். லிக் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று அனுமதி கேட்டார், லோவெல் மறுத்துவிட்டார். திரள்களின் சிவப்புப் பெயர்ச்சியை உலகுக்கு முதலில் காட்டப்போகிறவர் சிவப்பையும் நீலத்தையும் மாற்றிப் பார்த்தார் என்பதைச் செய்முறைத் தேர்வில் தடுமாறும் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1909இல் லோவெல் அவரிடம் சுருள் நெபுலாக்களின் நிறமாலையை எடுக்கச் சொன்னார். அவை உருவாகிக்கொண்டிருக்கும் சூரியக் குடும்பங்களாக இருக்கலாம் என்பது லோவெலின் எண்ணம். அது தவறு; அவை விண்மீன் திரள்கள். ஆனால் தவறான காரணத்துக்காகக் கேட்ட கேள்வி சரியான இடத்தில் கொண்டுவிட்டது.

ஸ்லைஃபருக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. ஆண்ட்ரோமீடா போன்ற ஒரு சுருள் புள்ளியாகத் தெரிவதில்லை, மங்கிய திட்டாகப் பரந்திருக்கிறது. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவியும். திட்டின் ஒளி பரவிக் கிடக்கும். அப்படியானால் இன்னும் பெரிய தொலைநோக்கிதானே வேண்டும்? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்லைஃபர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

ஒரு வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடி பெரிதானால் அதிக மழைநீர் சேரும். ஆனால் கீழே கட்டும் தொட்டியின் அடிப்பரப்பையும் அதே விகிதத்தில் பெரிதாக்கினால் நீர்மட்டம் ஒரு விரல்கூட உயராது. பரந்த பொருளைப் பொறுத்தவரை தொலைநோக்கியும் இப்படித்தான். ஆடி பெரிதாகி, குவியத் தூரமும் அதற்கேற்ப நீண்டால், வரும் ஒளி கூடும், பிம்பமும் விரியும், சதுர மில்லிமீட்டருக்கு விழும் ஒளி அப்படியே இருக்கும். ஒளித்தட்டு கருப்பதோ நீர்மட்டத்தைப் பார்த்துத்தான். மட்டத்தை உயர்த்த வேண்டுமானால் தொட்டியைச் சிறிதாக்க வேண்டும். அதாவது பெட்டிக்குள் கடைசியில் இருக்கும் காமிரா லென்ஸ், நிறமாலையைச் சின்ன இடத்தில் நெருக்கித் தர வேண்டும்.

அவர் செய்தவை இரண்டே மாற்றங்கள். மூன்று பட்டகங்களைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தார். நீண்ட காமிராவுக்குப் பதிலாக, கடையில் விற்கும் ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனத்தின் லென்ஸ் ஒன்றைப் பூட்டினார். அதன் குவியத் தூரம் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குதான். இதற்கு விலை உண்டு. நிறமாலை சிறுத்துவிடும், கோடுகள் நெருங்கிவிடும், நுண்ணோக்கி வைத்துத்தான் அளக்க முடியும். அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தது அவருடைய முடிவு. ஃப்ளாக்ஸ்டாஃபில் இருந்ததைவிடப் பெரிய தொலைநோக்கிகள் அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1912 செப்டம்பர் 17 அன்று முதல் தட்டு. ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஒளி காட்டினார். நவம்பரிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு. நான்காவதை அந்த ஆண்டின் கடைசி இரவுகளில் ஒரே தட்டில் தொடர்ந்து எடுத்தார். அளந்து பார்த்ததில் ஆண்ட்ரோமீடா விநாடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதுவரை அளந்த எந்த விண்பொருளுக்கும் அப்படியொரு வேகம் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். விநாடிக்கு 300 கிலோமீட்டர் என்பது ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே கோடும் தன் அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகரும். உங்கள் இருட்டறைச் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு உண்மையில் இரண்டு கோடுகள்: 589.0, 589.6 நானோமீட்டர். இடைவெளி 0.6. அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! கீற்றணியின் இரண்டாம் வரிசைக்குப் போனால் டி1, டி2 என்று அவை பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு திரள் நம்மை நோக்கிப் பாய்வதை ஸ்லைஃபர் கண்டுபிடித்தது அந்த அகலமுள்ள நகர்வில்தான்.

1914 ஆகஸ்டில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் அளவீடுகளை வைத்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இளைஞர் எட்வின் ஹபிள் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1917க்குள் ஸ்லைஃபர் 25 சுருள்களை அளந்துவிட்டார். அவற்றில் 21 விலகிக்கொண்டிருந்தன. 1929இல் ஹபிள் தூரத்தையும் வேகத்தையும் இணைத்து வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தில் தூரங்கள் ஹபிளின் உழைப்பு. வேகங்களில் பெரும்பகுதி ஸ்லைஃபருடையவை. கட்டுரையில் அதற்காக ஸ்லைஃபர் பெயர் வரவில்லை. ஆடிக்குக் கிடைத்த புகழ் பெட்டிக்குக் கிடைக்காததன் முதல் உதாரணம் என்று இதைச் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் என்னைக் கோபிப்பார்கள். சொல்லிவிட்டேன்.

2. கோவேறு கழுதை ஓட்டியவரின் லென்ஸ்

கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 1917இல் 100 அங்குலத் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டில் அங்கே துப்புரவுப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தவர் மில்டன் ஹியூமாசன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். அதற்கு முன் கோவேறு கழுதைகளில் மலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். இரவில் வானியலாளர்களுக்கு உதவத் தொடங்கி, பிறகு அவரே உலகின் தலைசிறந்த நிறமாலை எடுப்பவர் ஆனார்.

என்.ஜி.சி. 7619 என்ற திரளுக்கு அவர் ஒரு தட்டில் 33 மணி நேரமும் இன்னொன்றில் 45 மணி நேரமும் ஒளி காட்டினார். பல இரவுகள், ஒரே தட்டு. காலையில் மூடி வைத்து, இரவில் அதே இடத்தில் திரளைப் பிளவின் மேல் நிறுத்தி, அது நழுவாமல் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் குவிமாடத்தைச் சூடாக்கவும் கூடாது; காற்று அலைந்து பிம்பம் ஆடும். கிடைத்த வேகம் விநாடிக்கு 3,779 கிலோமீட்டர். இனி இதற்கு மேல் உடம்பு தாங்காது என்ற நிலையில் மீண்டும் பெட்டிதான் கைகொடுத்தது. பாஷ் அண்டு லாம்ப் நிறுவனத்தின் வில்பர் ரேட்டன், நுண்ணோக்கி லென்ஸின் அமைப்பைத் தலைகீழாக்கி ஒரு காமிரா லென்ஸ் செய்தார். குவியத் தூரம் விட்டத்தைவிடக் குறைவு: 0.6 மடங்கு. தொட்டி இன்னும் சுருங்கியது, மட்டம் ஏறியது. ஆடி அதேதான், மலை அதேதான். 1931க்குள் ஹியூமாசன் விநாடிக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டார்.

3. நூற்றில் ஒன்றைப் பிடிக்கும் தட்டு

ஒளித்தட்டுக்கு ஒரு பெரிய குறை. நூறு ஒளித்துகள் வந்தால் ஏறத்தாழ ஒன்றைத்தான் அது பதிவு செய்யும். மற்றதெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணித்து வந்து வீணாகும். வாஷிங்டனில் கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த கென்ட் ஃபோர்டு, ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றிப் பெருக்கி மீண்டும் ஒளியாக்கித் தட்டில் விழவைக்கும் பிம்பக் குழாயை நிறமாலை வரைவியோடு சேர்த்தார். ஒளி காட்டும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வெரா ரூபினும் அவரும் அந்தப் பெட்டியை அரிசோனாவின் கிட் பீக்குக்கும் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கும் கொண்டுபோய், அங்கிருந்த தொலைநோக்கிகளில் பூட்டினார்கள். ஃப்ளாக்ஸ்டாஃப், ஆண்ட்ரோமீடா: ஊரும் பொருளும் ஸ்லைஃபருடையவை.

இம்முறை கேள்வி வேறு. ஆண்ட்ரோமீடாவுக்குள் ஒளிரும் வாயு மேகங்கள் மையத்தைச் சுற்றி எவ்வளவு வேகமாக ஓடுகின்றன? சூரியனிலிருந்து விலக விலகக் கோள்களின் வேகம் குறைகிறது. திரளின் ஒளி பெரும்பாலும் நடுவில் குவிந்திருப்பதால் ஓரத்திலும் வேகம் குறைய வேண்டும். 1970இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 67 மேகங்களின் வேகங்கள் இருந்தன. ஓரத்தில் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் அங்கே நிறைய இருந்தால்தான் அது சாத்தியம். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் திரள்களின் வேகங்களைப் பார்த்து இதே சந்தேகத்தை எழுப்பியிருந்தார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே திரளுக்குள் புள்ளி புள்ளியாக அளந்தபோதுதான் இருண்ட பொருளைத் தட்டிக்கழிக்க முடியாமல் போனது.

அந்தப் பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு சி.சி.டி. வந்து, நூற்றில் எண்பது, தொண்ணூறு ஒளித்துகள்களைப் பிடிக்கத் தொடங்கியது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை, தாண்டிப் போகிறேன்.

4. பல்லாங்குழிப் பலகை

ஒரு பிளவு, ஒரு திரள், ஓர் இரவு. இப்படியே போனால் பிரபஞ்சத்தின் வரைபடம் எந்தக் காலத்தில் முடியும்? வழி ஒளியிழையில் இருந்தது. தொலைநோக்கியின் குவியத்தில் ஒவ்வொரு திரளின் பிம்பம் விழும் இடத்திலும் ஓர் இழையின் முனையை வைத்துவிட்டால், மறுமுனைகளையெல்லாம் வரிசையாக அடுக்கி ஒரே பெட்டிக்குள் செலுத்தலாம்.

நியூ மெக்ஸிகோவின் அப்பாச்சி பாயின்டில் ஸ்லோன் ஆய்வு இதைப் பெரிய அளவில் செய்தது. வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலுமினியத் தட்டு. அதில் அந்தப் பகுதியின் திரள்கள் எங்கெங்கே விழுமோ அங்கெல்லாம் துளை, மொத்தம் 640. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் துளையிட்டு மலைக்கு அனுப்புவார்கள். பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஓர் இழையைக் கையால் செருகுவார்கள். படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பல்லாங்குழிப் பலகைதான் நினைவுக்கு வந்தது. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. எந்த இழையை எந்தத் துளையில் செருக வேண்டும் என்ற விதியே கிடையாது. கைக்கு வந்ததைச் செருகலாம். முடிந்த பிறகு ஓர் இயந்திரம் இழைகளின் வழியே ஒளி பாய்ச்சி, எது எங்கே இருக்கிறது என்று தானே குறித்துக்கொள்ளும். மனிதர் தவறு செய்வார் என்று தெரிந்தால் அவரைக் கண்டிப்பதைவிட, தவறே இல்லாதபடி வேலையை அமைப்பது நல்ல கருவி கட்டுபவரின் அடையாளம்.

இந்தத் திரள்களின் பரவலில் 2005இல் ஒரு சுவடு தெரிந்தது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் வெந்த வாயுவில் ஓடிய ஒலி அலைகள் விட்டுப்போன இடைவெளி அது. அதை அளவுகோலாக வைத்துப் பிரபஞ்ச விரிவை அளக்கலாம்.

இன்று கிட் பீக்கில் நான்கு மீட்டர் மேயால் தொலைநோக்கியில், டெசி என்ற கருவியில், 5,000 சின்ன ரோபோக்கள். விரல் பருமன்கூட இல்லாத ஒவ்வொன்றும் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு தன் திரளின் மேல் சில மைக்ரான் துல்லியத்தில் நிற்கும். ஏறக்குறைய 50 மீட்டர் நீள இழைகள் பத்து நிறமாலை வரைவிகளுக்கு ஒளியைக் கொண்டுபோகும். ஒரு பகுதி முடிந்ததும் ஐயாயிரமும் ஒரே நேரத்தில் நகர்ந்து அடுத்த பகுதிக்குத் தயாராகும். இதில் கவனிக்க வேண்டியது, மேயால் தொலைநோக்கி 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலகத் தரத்தில் இன்று அது சிறியது, வயதானது. பெட்டியை மாற்றியதும் அது மீண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2022 ஜூனில் காட்டுத்தீ அந்த மலையுச்சிக்கே ஏறி வந்து சில கட்டடங்களை எரித்தது, தொலைநோக்கிகள் தப்பின. 2025 மார்ச்சில் வெளியான முடிவுகள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி திரள்கள், குவாசார்களின் நிறமாலைகளிலிருந்து வந்தவை. பிரபஞ்சத்தை விரட்டி விரிக்கும் இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றாக இல்லாமல், காலப்போக்கில் தளர்ந்துவருகிறதோ என்று அவை ஐயுறவைக்கின்றன. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

ஒளியிழை பற்றிப் பேசியதால் என் கதை ஒன்று. நாங்கள் கட்டிய ஒரு நிறமாலை வரைவியைச் சோதித்தபோது, எந்த விண்மீனைப் பார்த்தாலும் 880 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வந்தது. சூரிய வகை விண்மீனிலும் அதே மேடு, சிவப்பு ராட்சதனிலும் அதே மேடு, வெற்று வானத்திலும் அதே மேடு. வானத்தில் இருக்கும் எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. எல்லா விளக்குகளையும் அணைத்தோம். மேடு போகவில்லை. மூன்று இரவுகள் மென்பொருளைச் சந்தேகித்தோம். நான்காம் இரவு உதவியாளர் ஒருவர் கைப்பேசியில் டார்ச் போடப்போய், தவறிக் காமிராவைத் திறந்துவிட்டார். இருட்டில், இழையின் முனைக்குப் பக்கத்தில், திரையில் மட்டும் ஓர் ஊதாப் புள்ளி மினுங்கியது. இழையை நகர்த்தும் மோட்டாரின் நிலையைக் காட்டும் சென்சாருக்குள் இருந்த அகச்சிவப்பு எல்.இ.டி. டி.வி. ரிமோட்டில் இருப்பதே. நம் கண்ணுக்குத் தெரியாது, சி.சி.டி.க்குத் தெரியும். கருப்பு டேப் ஒட்டியதும் மேடு மறைந்தது. அந்த இரவின் பதிவேட்டில் 'டேப், 3 செ.மீ.' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

5. படம் ஏமாற்றும்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2022இல் அதன் முதல் படங்களில் ஒரு செக்கச்செவேல் புள்ளி பரபரப்பை உண்டாக்கியது. சில வடிகட்டிகள் வழியாக எடுத்த நிறங்களை வைத்துக் கணக்கிட்டதில், பெருவெடிப்புக்குப் பிறகு 24 கோடி ஆண்டுகளிலேயே அது இருந்ததாக வந்தது. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பிரகாசமான திரளா? கொள்கைகளையே திருத்த வேண்டியிருக்கும் என்று கட்டுரைகள் எழுந்தன. 2023இல் அதன் நிறமாலையை எடுத்தார்கள். திரளின் காலம் பெருவெடிப்புக்குப் பின் 120 கோடி ஆண்டு. ஏறக்குறைய ஒரு நூறு கோடி ஆண்டு பிசகு.

ஏமாற்றியது எது தெரியுமா? தூசியும், ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களின் பிரகாசமான உமிழ்கோடுகளும். இதில் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் பச்சைக் கோட்டுக்கு ஒரு பூர்வக்கதை இருக்கிறது. 1864 ஆகஸ்டில் லண்டன் புறநகரில் தம் வீட்டுத் தோட்டத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவைப் பார்த்தார். வானவில்லாக விரியும் என்று எதிர்பார்த்த இடத்தில் பச்சைக் கோடுதான் நின்றது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று புதிய பெயரே வைத்தார்கள். 1927இல் ஐரா போவன்தான் அது இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். ஆய்வகத்தில் உண்டாக்க முடியாத அளவுக்கு மெலிந்த வாயுவில் மட்டுமே வரும் கோடு. அறுபது ஆண்டு நம்மை ஏய்த்த அந்தக் கோடு, இந்த முறை அகச்சிவப்பு வரை நகர்ந்து, வடிகட்டிக்குள் புகுந்து, இன்னொரு தடவை ஏய்த்தது. பிடித்துக் கொடுத்தது நிறமாலை.

வெப்பின் நிறமாலை வரைவிக்குள் இருக்கும் பிளவைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் யார் போய் இழை செருகுவது? அதற்காகச் சுமார் இரண்டரை லட்சம் நுண்கதவுகள் செய்தார்கள். ஒவ்வொன்றும் 100 மைக்ரான் அகலம், 200 மைக்ரான் நீளம். ஒரு காந்தம் மேலே நகரும்போது எல்லாம் திறக்கும். வேண்டியவற்றை மின்னழுத்தம் பிடித்துக்கொள்ள, மற்றவை மூடிக்கொள்ளும். வானம் எப்படியோ பிளவு அப்படி. சில கதவுகள் திறக்க மறுக்கும், அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் இரவுத் திட்டம் போடுவார்கள். அங்கே இரவு என்று ஒன்று கிடையாது, பழக்கதோஷத்தில் சொல்கிறேன். இந்தக் கருவிதான் 2024இல் பெருவெடிப்புக்குப் பின் 29 கோடி ஆண்டில் இருந்த ஒரு திரளை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே அந்தச் சாதனை போய்விட்டது.

6. நம் மலைகள்

கொடைக்கானலைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. ஃப்ளாக்ஸ்டாஃபில் லோவெல் சுருள்களைக் கேட்ட அதே 1909இல், ஜனவரியில், கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பார்த்து, புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு வேகம். ஸ்லைஃபர் அளந்த நகர்வில் நூற்றைம்பதில் ஒரு பங்கு! சூரியனில் ஒளிக்குப் பஞ்சமில்லை, ஆகவே நிறமாலையை நீட்டி நீட்டி விரிக்கலாம். ஒருவர் விரித்தார், ஒருவர் சுருக்கினார். தேவைக்கேற்ற பெட்டி. எவர்ஷெட் தம் கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்துகொண்டவர்.

கொடைக்கானலில் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். அவருடைய பெயரை உலகுக்குச் சொன்னதும் ஒரு நிறமாலைக் கோடுதான்: விண்மீனின் கால்சியம் கோட்டுக்கு நடுவே தெரியும் உமிழ்வின் அகலத்தை அளந்தால் அந்த விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரியும் என்பது வில்சன்-பாப்பு விளைவு, 1957. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியபோது அவர் இல்லை. அதன் ஆடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்தார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசக்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். அதில் பூட்டிய மங்கொளி நிறமாலை வரைவி, வெடித்த விண்மீன்களையும் திரள்களின் கொதிக்கும் மையங்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது.

முப்பது மீட்டர் ஆடி நமக்கு எப்போது கிடைக்கும் என்று இதழாளர்கள் கேட்கிறார்கள். எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பெட்டி கட்டத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். லென்ஸைக் கையில் எடுத்துப் பொருத்தி, தொலைநோக்கி சாயும்போது பெட்டி எத்தனை மைக்ரான் வளைகிறது என்று அளந்து, வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் கோடு எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணை போடுபவர்கள் மிகச் சிலர். மென்பொருளுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். ஸ்குரூ டிரைவருக்கு நான்கு பேர்.

துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். இன்று இரவு எட்டரை வரை இருட்டறை திறந்திருக்கும். அந்த ஆசிரியர் பயன்படுத்திய ஸ்பெக்ட்ரோமீட்டர் இன்னும் வேலை செய்கிறது. மதியம் நானே பார்த்தேன், இணைக்கற்றை லென்ஸின் திருகு மட்டும் இறுகியிருந்தது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அங்குலத்துக்கு 15,000 கோடுள்ள கீற்றணி மேசையில் இருக்கிறது. சோடியம் விளக்கு சூடாகப் பத்து நிமிடம் ஆகும், இப்போதே போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வரிசைக்குத் திருப்பி, பிளவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். மஞ்சள் இரண்டாகப் பிரியும். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள், கையைத் துடைத்துக்கொண்டு.